சாம்பல் என்ற பெயரில் வரும் கல்தூள்: எரிமலையும் நம் உடல்நலமும்

கெர்லிங் வெந்நீர் ஊற்றில் கால் நனைத்தவர்கள் பலருக்கும் ஒரு முறையாவது தோன்றியிருக்கும் கேள்வி இது. அடுப்பு இல்லை, விறகு இல்லை; நிலத்தடியிலிருந்து நீர் இவ்வளவு சூடாக வருகிறதே, கீழே எரிமலை ஏதாவது இருக்கிறதா? கலும்பாங், கெர்லிங், உலு தாமு பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்கள் சின்ன வயதிலேயே இதைக் கேட்டிருப்பீர்கள். இப்போது பேரப்பிள்ளைகள் உங்களிடம் கேட்கிறார்கள்.

இல்லை என்பதே பதில். தீபகற்ப மலேசியாவில் உயிருள்ள எரிமலை ஒன்றுகூடக் கிடையாது. நம் ஊருக்குக் கிழக்கே நீளும் தித்திவங்சா மலைத்தொடர் கருங்கல்லால் ஆனது. அந்தக் கல்லில் ஆழமான வெடிப்புகள் உண்டு. மழைநீர் அவற்றின் வழியே கசிந்து வெகு ஆழம் இறங்குகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 25 முதல் 30 டிகிரி வரை சூடு கூடும். அங்கே சூடேறிய நீர் வேறொரு வெடிப்பைப் பிடித்துக்கொண்டு மேலே வருகிறது. அவ்வளவுதான். அதில் வரும் கந்தக வாடையும் நீரோடு கரைந்து வரும் பொருள்களால்தான். பழைய எரிமலைக் குழம்பைப் பார்க்க வேண்டுமென்றால் குவாந்தானுக்கு அருகே பத்து ஹித்தாம் கடற்கரைக்குப் போகலாம். அங்குள்ள கறுப்புப் பாறைகள் பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பு வழிந்து உறைந்தவை. சபாவில் தாவாவ் பக்கமும் அணைந்துபோன எரிமலைகள் உண்டு.

எரிமலைப் பயம் வேண்டாம் என்றாலும், வெந்நீர் ஊற்றில் வேறொரு ஆபத்து இருக்கிறது. இனிப்பு நீர் நோய் பல வருடமாக உள்ளவர்களுக்குப் பாதங்களில் உணர்ச்சி குறைந்திருக்கும். நீர் கொதிப்பது காலுக்குத் தெரியாது. தோல் வெந்து கொப்புளம் வந்த பிறகே கண்ணுக்குத் தெரியும். அந்தப் புண் ஆறாமல் காலையே இழக்கும் நிலைக்கும் கொண்டுபோகலாம். அதனால் முதலில் உங்கள் கால் இறங்க வேண்டாம். உணர்ச்சி நன்றாக உள்ள வேறொருவர் முழங்கையை வைத்துப் பார்க்கட்டும். பாதத்தில் புண், வெடிப்பு, உரிந்த தோல் இருந்தால் அன்றைக்கு இறங்கவே வேண்டாம். இரத்தக் கொதிப்புக்கோ இருதயத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம். சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றிக் கல்லில் விழ நேரும். கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். முகத்தை நீரில் முக்காதீர்கள். மூக்குக்குள் நீர் ஏறக் கூடாது.

கடலுக்கு அப்பால்

கோலசிலாங்கூர் மெலாவத்தி குன்றின் மேல் நின்று மேற்கே பார்த்தால் மலாக்கா நீரிணை. அதற்கு அப்பால் சுமத்ரா. நேர்க்கோட்டில் சுமார் 320 கிலோமீட்டரில், அதாவது கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் சாலை வழி போகும் தூரத்தில், சினாபுங் எரிமலை இருக்கிறது. கலும்பாங்கிலிருந்து அளந்தால் இன்னும் முப்பது நாற்பது கிலோமீட்டர் கூடும்.

நம்மிடம் இல்லாதது சுமத்ராவில் மட்டும் ஏன் என்றால், காரணம் கடலடியில் இருக்கிறது. சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் இந்தியப் பெருங்கடலின் தரைப் பாறை, தீவுக்கு அடியில் மெல்ல மெல்லச் செருகிக்கொண்டு போகிறது. ஆழத்தில் அந்தப் பாறை தன்னுள் பிடித்து வைத்திருந்த நீரை விடுகிறது. நீர் சேர்ந்ததும் மேலே உள்ள சூடான பாறை உருகுகிறது. உருகிய குழம்பில் வாயு கரைந்திருக்கும். சோடா போத்தலைக் குலுக்கி மூடியைத் திறந்தால் என்ன ஆகும்? மேலே வந்து அழுத்தம் குறைந்ததும் அந்தக் குழம்பும் அப்படித்தான் சீறுகிறது. நம் பக்கம் அந்தச் செருகலிலிருந்து வெகு தூரத்தில் இருப்பதால் நமக்கு எரிமலை இல்லை.

சினாபுங் சுமார் 400 ஆண்டுகள் பேசாமல் இருந்த மலை. சரிவெங்கும் காப்பியும் காய்கறியும் போட்டு மக்கள் வாழ்ந்தார்கள். 2010 ஆகஸ்ட் கடைசியில் அது விழித்துக்கொண்டது. 2013 செப்டம்பரில் மறுபடியும் தொடங்கிப் பல ஆண்டுகள் அடங்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. 2014 பிப்ரவரி 1ஆம் தேதியும் 2016 மே மாதத்திலும் உயிர்ப் பலிகள் நேர்ந்தன. இரண்டு முறையும் இறந்தவர்கள், போகக் கூடாது என்று அறிவிக்கப்பட்ட வட்டத்துக்குள் இருந்தவர்கள். 2016இல் இறந்த ஏழு பேர் தங்கள் நிலத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள். பயிரை விட்டுவிட்டு எத்தனை மாதம் முகாமில் உட்கார்ந்திருப்பது? தோட்டத்தில் வேலை செய்த நமக்கு அந்த மனசு புரியாமல் போகாது.

இந்த மக்கள் காரோ இனத்தவர். அவர்களில் செம்பிரிங் என்ற பெரும் குலத்துக்குள் சோலியா, பாண்டியா என்ற கிளைப் பெயர்கள் இன்றைக்கும் வழங்குகின்றன. சோழர், பாண்டியர் காலத்துத் தமிழ் வணிகர்களோடு வந்த உறவின் அடையாளம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது. சுகாதாரச் சிற்றேட்டில் இது எதற்கு என்று கேட்கலாம். தொலைக்காட்சிச் செய்தியில் சினாபுங் பெயர் வரும்போது அது யாருடைய ஊரோ என்று நாம் கடந்து போய்விடக் கூடாது என்பதற்குத்தான்.

எரிமலை என்றதும் சிவப்பாக வழியும் குழம்புதான் பலருக்கு நினைவுக்கு வரும். நம் அண்டை நாட்டு எரிமலைகளில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் அதுவல்ல. வாயுவும் கல்லும் தூளும் கலந்து, பல நூறு டிகிரிச் சூட்டில், கார் வேகத்தையும் மிஞ்சிச் சரிவில் உருண்டு வரும் சூட்டு மேகம்தான் கொல்கிறது. அடுத்த ஆபத்து மழை. மலையில் குவிந்த தூளைப் பெருமழை அடித்துக்கொண்டு வந்தால் அது சிமெண்டுக் குழம்பு போன்ற வெள்ளம். மேற்கு சுமத்ராவில் மராப்பி மலை 2023 டிசம்பர் 3ஆம் தேதி வெடித்தபோது மலையேறப் போன 24 பேர் இறந்தார்கள். ஐந்து மாதம் கழித்து, 2024 மே மாதப் பெருமழையில் அதே மலையின் தூளும் கற்களும் வெள்ளத்தோடு இறங்கி 60க்கும் மேற்பட்டோரைப் பலி வாங்கின. வெடித்து முடிந்தது என்று நினைத்த பிறகு நேர்ந்தது அது.

சாம்பல் என்ற சொல்

எரிமலையிலிருந்து தூரத்தில் வாழும் நம்மைத் தொடக்கூடியது காற்றில் மிதந்து வரும் தூள் ஒன்றுதான். மலாயில் அதை 'அபு' என்கிறார்கள். தமிழில் 'எரிமலைச் சாம்பல்' என்று எழுதுகிறோம். மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவளுக்கு இந்தச் சொல் உறுத்துகிறது. வேறு சொல் வழக்கில் இல்லாததால் இந்தச் சிற்றேட்டிலும் அதையே எழுதுகிறேன். ஆனால் நம் பெரியவர்களுக்குச் சாம்பல் என்றால் என்ன? விறகடுப்பில் மிஞ்சியது. லயத்து வீட்டில் பாத்திரம் துலக்கியது. பல் விளக்கியது. செடிக்குப் போட்டது. நெற்றியில் இடும் திருநீறுகூட ஒரு வகையில் அதுதான். சாம்பல் சுத்தமானது, மெதுவானது, நீர் பட்டால் கரைவது, ஊதினால் பறப்பது. உடலில் படக் கூடாத பொருள் என்று அதை யாரும் நினைப்பதில்லை.

எரிமலைச் சாம்பலில் எரிந்த பொருள் எதுவுமே இல்லை. அது பாறையும் கண்ணாடியும் நொறுங்கிய தூள். உருகிய குழம்பு வாயு வேகத்தில் சிதறி, நொடியில் குளிர்ந்து, கூரிய விளிம்புள்ள சில்லுகளாகிறது. சில துகள்கள் மணலளவு. சில கண்ணுக்கே தெரியாதவை. நீரில் கரையாது. நனைந்தால் கனத்து ஒட்டும், காய்ந்தால் கெட்டியாகும். இதை எடுத்துப் பாத்திரம் துலக்கினால் பாத்திரத்தில் கீறல் விழும், துலக்குபவர் மூச்சில் கல்தூள் போகும்.

இது வெறும் சொல் விளக்கம் இல்லை என்பதை நம் சுபாங் விமான நிலையத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு நிகழ்ச்சி காட்டும். 1982 ஜூன் 24ஆம் தேதி இரவு, கோலாலம்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் கிளம்பியது. உள்ளே 263 பேர். ஜாவாவுக்குத் தெற்கே பறந்தபோது முகப்புக் கண்ணாடியில் தீப்பொறிகள் மின்னின. உள்ளே கந்தக நெடியோடு புகை வந்தது. சில நிமிடங்களில் நான்கு எஞ்சின்களும் ஒன்றன் பின் ஒன்றாக நின்றுவிட்டன. மேற்கு ஜாவாவில் கலுங்குங் எரிமலை கக்கிய தூள் மேகத்துக்குள் விமானம் நுழைந்திருந்தது. இருட்டில் மேகம் தெரியவில்லை. வானிலை ராடாரிலும் தெரியவில்லை, ராடார் காட்டுவது ஈரத்தைத்தான், இது காய்ந்த தூள். எஞ்சின் சூட்டில் அந்தக் கண்ணாடித் தூள் உருகி உள்ளே அப்பிக்கொண்டது. பத்து நிமிடத்துக்கும் மேல் எஞ்சின் இல்லாமலே சறுக்கி இறங்கிய விமானம், தூள் மேகத்துக்குக் கீழே வந்ததும், குளிர்ந்து உறைந்த கண்ணாடி உடைந்து உதிர, எஞ்சின்கள் மறுபடி உயிர் பெற்றன. ஜகார்த்தாவில் இறங்கும்போது முகப்புக் கண்ணாடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல மங்கி, விமானிகளுக்கு ஓடுபாதை சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் எல்லாரும் பிழைத்தார்கள்.

எஞ்சின் உலோகத்துக்கே அந்த நிலை. கண்ணிலும் நெஞ்சிலும் என்ன செய்யும் என்று இப்போது யோசித்துப் பாருங்கள். கண்ணில் பட்டால் அரிக்கும். அரித்தால் கை தானாகத் துடைக்கப் போகும். துடைத்தால் சில்லுகள் கருவிழியைக் கீறும். கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். தூள் பட்ட கண்ணைத் தொடவே கூடாது. சுத்தமான நீரை ஊற்றி ஊற்றிக் கழுவ வேண்டும். மூச்சில் போனால் தொண்டை கரகரக்கும், வறட்டு இருமல் வரும். ஆரோக்கியமானவர்களுக்கு ஒரு சில நாளில் சரியாகிவிடும். ஆஸ்துமா, நாள்பட்ட சளி, புகைபிடித்ததால் கெட்ட நுரையீரல், பலவீனமான இருதயம் உள்ளவர்களுக்கு அந்தச் சில நாள்களே ஆபத்தானவை. மூச்சுக் குழாய் சுருங்கி இழுப்பு வந்துவிடும். பல ஆண்டுகள் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு, குறிப்பாகத் தூளை வாரிக் கொட்டும் தொழிலாளர்களுக்கு, கல்லுடைப்பவர்களுக்கு வருவது போன்ற நுரையீரல் நோய் வர வாய்ப்புண்டு. ஓரிரு நாள் தூள் விழுவதால் அந்த நோய் வராது.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. நாள்பட மக்கிய எரிமலைத் தூளைப் போன்ற வளமான மண் குறைவு. ஜாவாவின் நெல் வயல்கள், காரோ மேட்டுநிலத்தின் கோசும் உருளைக்கிழங்கும், உலகமெங்கும் பேர்பெற்ற டெலி புகையிலை எல்லாம் அந்த மண்ணின் தயவு. அந்தப் புகையிலைத் தோட்டங்களுக்குத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்களும் கூலிகளாகவும் மாட்டுவண்டிக்காரர்களாகவும் போய்ச் சேர்ந்தார்கள். மலை கொடுப்பதால்தான் மக்கள் அதன் காலடியை விட்டு அகல்வதில்லை.

இங்கே வருமா?

வந்திருக்கிறது. ஆனால் அது சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன்பு. இன்று சுற்றுலாப் பயணிகள் படகு விடும் தோபா ஏரி, அன்று ஒரு பேரெரிமலை வெடித்து உள்ளே சரிந்த பள்ளம். 100 கிலோமீட்டர் நீளம், 30 கிலோமீட்டர் அகலம். அதன் தூள் பேராக் மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்கில், கோத்தா தம்பானில் இன்னும் படிந்து கிடக்கிறது. ஆதி மனிதரின் கற்கருவிகளும் அங்கே கிடைத்தன. 2012இல் யுனெஸ்கோ அந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. அதே தூள் வங்காள விரிகுடாவைத் தாண்டி, ஆந்திராவின் ஜுவாலாபுரம் வரை போய்ப் படிந்திருக்கிறது. அங்கே தூள் அடுக்குக்குக் கீழேயும் கற்கருவி, மேலேயும் கற்கருவி.

நம் தாத்தா பாட்டிகளுக்கு முந்திய தலைமுறை கண்டது 1883. அந்த ஆண்டு ஆகஸ்ட் 26, 27 தேதிகளில் ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையே கிரக்காத்தாவ் வெடித்தது. 36,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் அது கிளப்பிய கடல் அலையில். வெகு உயரம் போன மெல்லிய தூளும் கந்தகப் புகையும் பூமத்திய ரேகையை ஒட்டிக் கிழக்கிலிருந்து மேற்காக உலகைச் சுற்றின. செப்டம்பர் மாதம் இலங்கையிலும் சென்னை உட்படத் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்ததை வானியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கண்ணுக்கு விந்தை, ஆனால் அவ்வளவு உயரத்தில் உள்ள தூள் நம் மூச்சுக்குள் வருவதில்லை. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாத்துபோ வெடித்து உலகத்தின் சராசரி வெப்பத்தையே அரை டிகிரி அளவு குறைத்தபோதும் இங்கே நம் நுரையீரலுக்கு எதுவும் நேரவில்லை.

நாம் கவனிக்க வேண்டியது தாழ்வாக வரும் காற்றை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று சுமத்ராவிலிருந்து நம் பக்கம் வீசும். அந்தக் காற்று எதைக் கொண்டுவரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2005 ஆகஸ்ட் 11ஆம் தேதி, காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்டியதால் கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. எதிர்வீடு தெரியாத அந்தப் புகைமூட்டம் காட்டுத் தீயாலும் கரிநிலத் தீயாலும் வந்தது. எரிமலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இரண்டையும் வேறுபடுத்தத் தெரிந்துகொள்ளுங்கள். புகைமூட்டம் எரிந்த வாடை வீசும். வானம் மஞ்சளாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். மேசையைத் துடைத்தால் துணி கறுக்கும். எரிமலைத் தூளில் எரிந்த வாடை இருக்காது. சில சமயம் தீக்குச்சி உரசிய நெடி இருக்கலாம். கார்க் கண்ணாடியில் விரல் வைத்தால் நறநறக்கும். வாயில் போனால் பல்லில் மணல் கடிபடும். கண்ணாடியைத் துடைப்பானால் துடைத்தால் கீறல் விழும். புகையின் துகள் மிகமிக நுண்ணியது. நுரையீரலைத் தாண்டி இரத்தத்திலேயே கலக்கும். அதனால் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் கூடுதல் ஆபத்து புகைமூட்டத்தால்தான். எரிமலைத் தூளால் அல்ல. இதைச் சொல்லாமல் எரிமலையை மட்டும் காட்டிப் பயமுறுத்துவது நியாயமில்லை. நல்ல வேளையாக, வீட்டில் செய்ய வேண்டியவை இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றுதான்.

வீட்டில்

மின்னல் எப்எம் செய்தியிலோ பேரப்பிள்ளைகளின் கைப்பேசியிலோ எச்சரிக்கை வந்தால், அது வானிலை ஆய்வுத் துறையோ சுற்றுச்சூழல் துறையோ சுகாதார அமைச்சோ சொன்னதா என்று முதலில் கேளுங்கள். வாட்சப்பில் சுற்றுவது எல்லாம் உண்மையல்ல. வேறு நாட்டு எரிமலைப் படத்தைப் போட்டு 'இன்று இரவு சிலாங்கூரில்' என்று அனுப்புகிறவர்களும் உண்டு.

உண்மையான எச்சரிக்கை என்றால் வெளியே போக வேண்டாம். கோயில், சந்தை, துக்க வீடு, எதுவானாலும் தள்ளிவையுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கதவு சன்னலைச் சாத்தி, அடியில் ஈரத்துணி வையுங்கள். வீட்டுக்குள் சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தி, விறகடுப்பு, சிகரெட் ஆகியவற்றை அந்த நாள்களில் நிறுத்திவையுங்கள். வெளிக்காற்றைத் தடுத்துவிட்டு உள்ளே புகை போட்டால் பயனில்லை. சாமிக்கு ஒரு பூ போதும்.

வெளியே போயே ஆக வேண்டும் என்றால் என்95 வகை முகக்கவசம் நல்லது, முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தினால். அது கிடைக்காவிட்டால் சாதாரண மருத்துவ முகக்கவசம். துண்டை நனைத்துக் கட்டிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நனைப்பதால் கூடுதல் பலன் இல்லை, மூச்சு விடத்தான் சிரமம். இருதயக் கோளாறோ நுரையீரல் நோயோ உள்ளவர்களுக்கு என்95 மூச்சு முட்டும்படி இருக்கலாம். அதைப் பற்றி முன்கூட்டியே கிளினிக்கில் டாக்டரிடம் கேட்டு வையுங்கள். முட்டினால் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்துவிடுங்கள்.

தூள் விழுந்துவிட்டால், காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். அது மறுபடி கிளம்பி மூச்சுக்குள் போகும். லேசாக நீர் தெளித்து, நனைந்த பிறகு வாரிப் பையில் கட்டுங்கள். கால்வாயில் கழுவி விட்டால் அடியில் போய் இறுகி அடைத்துக்கொள்ளும். கூரைமேல் ஏறிச் சுத்தம் செய்யும் வேலை உங்களுடையது அல்ல. ஐம்பது வருடம் பால்மரம் சீவிய கை கால்தான், ஒத்துக்கொள்கிறோம். ஆனாலும் நனைந்த தூள் வழுக்கும், எழுபது வயதில் முறிந்த இடுப்பு எலும்பு எளிதில் கூடாது. மழைநீர் பிடிக்கும் தொட்டி இருந்தால் குழாயைக் கழற்றிவிட்டு மூடிவையுங்கள். காய்கறியை நன்றாகக் கழுவினால் சாப்பிடலாம்.

ஆஸ்துமா பம்ப் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அதில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்பதை மூட்டமில்லாத நாளிலேயே பார்த்து வையுங்கள். பம்ப் அடித்தும் மூச்சு இறங்கவில்லை, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் 999ஐக் கூப்பிடுங்கள். விடியட்டும், மகன் வேலையிலிருந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மேடானுக்குப் போகும்போது

நம் பெரியவர்கள் எரிமலைக்கு மிக அருகில் போவது சுற்றுலாவில்தான். மேடானில் 1884இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயிலும் அன்னை வேளாங்கண்ணி ஆலயமும் இருக்கின்றன. அங்கே கும்பிட்டுவிட்டு மறுநாள் பெரஸ்தாகி, தோபா ஏரி என்று பேருந்தில் கூட்டிப் போவார்கள். பெரஸ்தாகியிலிருந்து ஒரு பக்கம் சினாபுங், இன்னொரு பக்கம் சிபாயாக். சிபாயாக் அடிவாரத்து வெந்நீர்க் குளங்கள் கெர்லிங் போல அல்ல. அவை உண்மையிலேயே எரிமலைச் சூட்டில் கொதிப்பவை.

கும்பலாகப் போகும்போது வழிகாட்டி சொல்வதற்கு முன்பே நாலு பேர் வேலியைத் தாண்டிவிடுவார்கள், நல்ல படம் எடுக்க வேண்டுமென்று. தாண்டாதீர்கள். எரிமலை வாய்களிலும் பள்ளங்களிலும் கரியமில வாயு தேங்கி நிற்கும். நிறமில்லை, மணமில்லை, காற்றைவிடக் கனமானது. குனிந்து செருப்பைச் சரிசெய்யும் நேரத்தில் மயக்கம் வரலாம். 1979 பிப்ரவரியில் ஜாவாவின் டியெங் மேட்டுநிலத்தில் அந்த வாயு இரவோடு இரவாகப் பரவி, தப்பி ஓடிய கிராமத்தார் 140க்கும் மேற்பட்டோரைப் பாதையிலேயே சாய்த்தது. அழுகிய முட்டை வாடை வந்தால் மேட்டுக்கு, காற்று வீசும் திசைக்கு எதிராக நடந்து வந்துவிடுங்கள். வாடை நின்றுவிட்டது என்று திரும்பிப் போகவும் கூடாது. அந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடை தெரியாமல் போகும். ஆஸ்துமா உள்ளவர்கள் எரிமலை வாய்வரை போகாமல் கீழே தேநீர் குடித்துக்கொண்டிருப்பதே மேல். பண்டுங் அருகே தங்குபான் பெராகு எரிமலை வாய்வரை வண்டியே போகும். 2019 ஜூலை 26ஆம் தேதி அங்கே சுற்றுலாப் பயணிகள் நின்றிருந்தபோதே அது தூளைக் கக்கியது.

மறுப்பே சொல்லாமல் கிளம்ப வேண்டிய நேரமும் உண்டு. ஜாவாவின் மெராப்பி மலைக்கு மரபுவழிக் காவலராக இருந்தவர் மாரிஜான் என்ற பெரியவர். 2006இல் மலை சீறியபோது அவர் இடத்தைவிட்டு அசையவில்லை; பிழைத்தார். நாடே அவரைக் கொண்டாடியது. 2010 அக்டோபர் 26ஆம் தேதி மறுபடி சீறியபோதும் அசையவில்லை. 83 வயதில் தம் வீட்டிலேயே சூட்டு மேகத்தில் இறந்தார். அவரை அழைத்துப் போக வந்தவர்களும் உடன் இறந்தார்கள். அவர் தம் கடமையாக நினைத்ததை நாம் இழித்துப் பேசத் தேவையில்லை. ஆனால் பயணத்தில் இருக்கும் நமக்கு அங்கே காக்க வேண்டிய கடமை எதுவும் இல்லை. ஓட்டல்காரர் கிளம்பச் சொன்னால் பெட்டியை அடுக்கிக்கொண்டிருக்காமல் மருந்துப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு வண்டி ஏறுங்கள்.

அந்த மருந்துப் பையைப் பற்றி ஒரு வார்த்தை. வானில் தூள் இருந்தால் விமானம் பறக்காது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலை ஒன்றால் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பல நாள்கள் விமானங்கள் நின்றுபோய், உலகமெங்கும் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். மூன்று நாள் மேடான் பயணத்துக்கு மூன்று நாள் மாத்திரையை மட்டும் எண்ணி எடுத்துப் போனால், நான்காம் நாள் இரத்தக் கொதிப்பு மாத்திரைக்கு எங்கே போவீர்கள்? இன்னும் ஒரு வாரத்துக்காவது கூடுதலாகக் கொண்டுபோங்கள். புறப்படுவதற்கு முன் கிளினிக்கில் தேதியைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய தாள் ஒன்று உங்களிடமும், இன்னொன்று உடன் வருபவரிடமும் இருக்கட்டும். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டு விமானத்தின் அடிவயிற்றுக்கு அனுப்பாதீர்கள்; கைப்பையிலேயே, குளிர்ப் பையோடு, உங்கள் மடியில் இருக்க வேண்டும்.